பச்சைத் தோல்

ஜனவரி 6, செவ்வாய்

என் வயிற்றின் வலப்புறம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஒரு துளை போடப்பட்டிருக்கிறது. சிறுகுடலின் ஒரு மடிப்பை அதன் வழியாக வெளியே இழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மேலே ஒரு பை ஒட்டப்பட்டிருக்கிறது. ஆதாரம்: அறுவை சிகிச்சை செய்த டாக்டர் நஸீமா, இன்று காலை வார்டுக்கு வந்தபோது நேரில் சொன்னது. உடன் வந்த பயிற்சி மருத்துவர்கள் தலையசைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தவன் கூடத்திலேயே சுருண்டு விழுந்தேன் என்பது என் மனைவி தெய்வானை சொன்னது. எனக்கு நினைவில்லை. பெருங்குடலில் ஓர் இடம் வீங்கி வெடித்திருந்ததாம். புற்று இல்லை, அதை டாக்டர் தானாகவே அழுத்திச் சொன்னார். கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும் வரை அதன் வழியாக எதுவும் போகக்கூடாது. பாலம் இடிந்தால் வண்டிகளை முன்பே திருப்பிவிடுவது போல, மேலேயே வழியைத் திருப்பி வெளியே விட்டிருக்கிறார்கள். உவமை டாக்டருடையது. நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எப்ப மூடுவீங்க, டாக்டர்?"

"ரெண்டு மாசம் கழிச்சு சாயம் செலுத்தி ஒரு எக்ஸ்ரே எடுப்போம். தையல் கசியலன்னா மூடலாம். ஆனா அதுக்கு உங்க தோல் நல்லா இருக்கணும். துளையைச் சுத்தி வெந்து கிடந்தா நான் கத்தி வைக்க மாட்டேன்."

தோல் ஏன் வேக வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடமாகக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான்.

அவர்கள் போன பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, பிதுங்கி நிற்கிறது. அசைகிறது. நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் அசைகிறது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

தெய்வானை கட்டிலருகே வந்து, "நான் பாக்கட்டுமா?" என்றாள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

சிஸ்டர் ஜெசிந்தா வந்தார். என்னைப் போலத் துளை போடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அவருடைய வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன்.

"சார், இதை மலம்னு நினைச்சுக்காதீங்க. மலமா இருந்தா கழுவிட்டுப் போயிடலாம். இது பாதி சமையல்."

"பாதி சமையல்னா?"

"சாப்பாட்டைக் கரைக்கறதுக்குக் கணையத்துல இருந்து ஒரு சாறு ஊறும். பெருங்குடலுக்குள்ள போய்ச் சேர்ந்தா அதோட வேகம் அடங்கிடும். உங்களுக்கு அதுக்கு முன்னாடியே வெளிய வந்துருது. நீங்க தின்ன கறி எது, உங்க தோல் எதுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒண்ணாத்தான் கரைக்கும்."

கணையம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு தோல் பதனிடும் ஷாப்புகளைப் பற்றி எழுதாமல் யாரும் நிருபராக இருக்க முடியாது. சுண்ணாம்பில் ஊறிய தோலைப் பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றவிடும்போது ஒரு பழுப்புத் தூளைக் கொட்டுவார்கள். பேட்டிங் என்பார்கள். மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த தூள். அதற்கு முந்தைய காலத்தில் நாய்ப் பீயையும் புறாப் பீயையும் கரைத்து ஊற்றினார்களாம். வேலை ஒன்றுதான்: விறைத்த தோலில் உள்ள வேண்டாத சதையையெல்லாம் தின்று, அதைப் பட்டுப்போல் இளக்குவது. மேஸ்திரி டிரம்மை நிறுத்தி, ஒரு தோலை இழுத்துக் கட்டை விரலால் அழுத்துவார். விரல் பதிந்த பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றால் போதும் என்று அர்த்தம். நேரம் தவறினால் தோல் கந்தலாகிவிடும். இதை நான் கண்ணால் பார்த்து, அரைப் பக்கக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன்.

அந்த டிரம் இப்போது என் வயிற்றில் சுற்றுகிறது. நிறுத்த மேஸ்திரி இல்லை.

வீட்டிலிருந்து ஒருவர் பை மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் சிஸ்டர். நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். "உங்களுக்கு நேராத் தெரியாது சார். வயிறு மறைக்கும்" என்றார். என் மச்சான் தணிகாசலத்தை வரச் சொல்வதாகச் சொன்னேன். தெய்வானையின் தம்பி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தோலுக்கு மேல்பூச்சு அடிக்கிறான். கை நடுங்காதவன்.

"அம்மா இங்கயேதான இருக்காங்க?" என்றார் சிஸ்டர்.

தணிகாசலம் வரட்டும் என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

தணிகாசலத்துக்குப் பாடம் நடந்தது. பாதி நேரம் அவனுக்குப் போன் வந்துகொண்டிருந்தது. தட்டு என்று ஒன்று இருக்கிறது. பசையுள்ள வட்டமான தகடு. அதன் நடுவில் துளையின் அளவுக்குக் கத்தரித்து வயிற்றில் ஒட்ட வேண்டும். அதன் மேல் பையைப் பொருத்த வேண்டும். சிஸ்டர் சொல்லச் சொல்ல அவன், "அவ்ளோதான சிஸ்டர், ஆச்சு சிஸ்டர்" என்றான்.

திரைக்கு வெளியே, தரையை ஒட்டிய இடைவெளியில் தெய்வானையின் செருப்பு தெரிந்தது. பாடம் முடியும் வரை அது நகரவில்லை.

ஜனவரி 14, புதன்

போகியன்று வீடு வந்தேன். தெருவெல்லாம் டயர் எரித்த நாற்றம். நல்லதாகப் போயிற்று, என்னுடையது அதில் மறைந்துவிடும்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். விருந்தினர் வருவார்கள் என்று பேண்ட், சட்டை போட்டு பெல்ட் கட்டிக்கொண்டேன். லுங்கியோடு யார் முன்னாலும் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. "பெல்ட்டு அது மேல அழுத்தும்ங்க" என்றாள் தெய்வானை. அழுத்தாது என்றேன். எல்லோரும் போன பிறகு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். எழுந்தபோது தட்டின் கீழ் ஓரம் பிரிந்து, பேண்ட், பெல்ட், நாற்காலி எல்லாம் நனைந்திருந்தன. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். தணிகாசலம் ஆம்பூரிலிருந்து வந்து சேரும் வரை கதவைத் திறக்கவில்லை.

தெய்வானை வெளியே நின்று ஒரு முறை கூப்பிட்டாள். மறுமுறை கூப்பிடவில்லை.

ஜனவரி 17, சனி

பெல்ட் காய்ந்துவிட்டது. அது போன வருடம் தணிகாசலம் கொடுத்தது. அவன் கம்பெனியின் மாதிரித் தோலில் செய்தது. கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும். இப்போது நனைந்த இடத்தில் மட்டும் பளபளப்பு உரிந்து, வெளுத்துப்போய், சொரசொரவென்று இருக்கிறது. விளிம்பு எங்கே என்று விரலால் தடவியே சொல்லலாம்.

தணிகாசலம் அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. என் வயிற்றைப் பார்த்தபோதுகூட அப்படி மாறவில்லை.

"மாமா, இது என் கையால அடிச்ச பினிஷிங்கு."

"தெரியும்பா."

"இன்னா தெரியும்? கம்பெனிக்கு வந்த வெள்ளக்காரன் இந்தத் தோல்ல மூஞ்சியப் பாத்துத் தல சீவிக்கினான் மாமா. இப்ப இன்னாடான்னா சொறி நாய் மாதிரி கீது."

"அவரு வயிறு வெந்து கெடக்குது, நீ பெல்ட்டுக்கு ஒப்பாரி வெச்சிக்கினு கீறியா?" என்று தெய்வானை சமையலறையிலிருந்து கத்தினாள்.

"நீ சும்மா இரு அக்கா. தொழில் விஷயம்."

அவன் விளக்கினான். பெல்ட்டின் தோலுக்கு எதுவும் ஆகவில்லை. அது குரோம் உப்பில் பதனிட்டது. அதன் நாரெல்லாம் பூட்டுப் போட்டது போல இறுகியிருக்கும். எந்தச் சாறும் தின்னாது. போனது மேல்பூச்சு மட்டும். அது கேசின் பூச்சு, பாலிலிருந்து எடுக்கிற புரதம். "பாலு உங்க வயித்துக்குள்ள போனா இன்னா ஆவும்? செரிச்சிடும்ல? அதான் மாமா, வெளிய வெச்சே செரிச்சிருக்குது." பூச்சு அடித்த பிறகு பார்மலின் என்ற ரசாயனத்தை அடித்தால் கேசின் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எதுவும் அதைத் தொட முடியாது. இந்தத் தோலுக்கு அதைச் சரியாக அடிக்கவில்லை என்று தன்னோடு வேலை பார்ப்பவனைத் திட்டினான்.

நான் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதோ செத்த மாட்டின் தோல் தப்பித்துவிட்டது. பதனிட்ட தோல். நான் பச்சைத் தோல்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று தட்டைப் பிரித்தபோது கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துளையைச் சுற்றி ஒரு வளையம், கீழ்ப்பக்கம் அகலமாக. மேல் தோல் இல்லை. சிவந்து, நீர் கசிந்து, சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். அதன் மேல் பசை நிற்பதில்லை. பசை நிற்காததால் கசிகிறது. கசிவதால் இன்னும் வேகிறது. இதற்கு முடிவு எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் பட்டால்கூடப் பற்களைக் கடித்துக்கொள்கிறேன்.

வளையத்துக்கு வெளியே, நல்ல தோல் போலத் தெரிந்த இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். பள்ளம் எழும்பவில்லை.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

தணிகாசலம் தட்டில் துளையைத் தாராளமாக வெட்டுகிறான். "இறுக்கமா வெட்னா அறுக்கும் மாமா. கொஞ்சம் காத்து போணும்" என்கிறான். எனக்கும் சரியென்றே படுகிறது.

ஜனவரி 21, புதன்

தெய்வானை பாலாடை எடுத்து வந்து, புண்ணுக்குக் குளிர்ச்சி என்றாள். பாலும் அதே கேசின்தானே, செரித்துவிடும் என்றேன். கிண்ணத்தை மேஜையில் வைத்தாள்.

"இத வெச்சிட்டுப் போறன். தின்னவாவது தின்னுங்க" என்றாள்.

ஜனவரி 23, வெள்ளி

தணிகாசலத்துக்குப் பெல்ட் மறக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு துண்டுத் தோல் கொண்டு வந்தான். இரண்டிலும் ஒரே கேசின் பூச்சு. ஒன்றில் மட்டும் பார்மலின் அடித்திருக்கிறான். என் வயிற்றுப் பையிலிருந்து எடுத்ததை இரண்டிலும் சமமாகத் தடவி, மொட்டை மாடிச் சுவரில் வைத்து ஈரத் துணியால் மூடினான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன அப்பளமா என்று கேட்டாராம்.

ஜனவரி 24, சனி

முடிவு: பார்மலின் அடிக்காத துண்டு உரிந்துவிட்டது. அடித்தது அப்படியே இருக்கிறது. இரண்டையும் நானே கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சந்தேகமில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது" என்றான் தணிகாசலம்.

"சொல்லு."

"தோலுன்னா தோலுதான மாமா."

அவன் சொல்ல வந்தது எனக்கு முன்பே புரிந்திருந்தது. நான் திட்டவில்லை. ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்ப எனக்கு என்ன வேண்டும்? விஷயம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும், அதை நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் இருக்கிறது. தோல் கெட்டிப்பட்டால் தட்டு ஒட்டும். தட்டு ஒட்டினால் கசியாது. கசியாவிட்டால் துளையை மூடுவார்கள். மூடிவிட்டால் யாரும் இதைப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம், கம்பெனி விடுமுறை. தெய்வானையைக் காய் வாங்க அனுப்பினேன். தணிகாசலம் பார்மலினைத் தண்ணீர் கலந்துதான் கொண்டு வந்திருந்தான். பஞ்சில் தொட்டு வளையம் முழுக்கப் பூசினான்.

ஜனவரி 27, செவ்வாய்

எழுத முடியவில்லை.

ஜனவரி 29, வியாழன்

மறுபடி வார்டில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பூசிய கணத்தில் நெருப்பை வைத்ததுபோல் இருந்தது. பிடிக்கிறது என்று அர்த்தம் என்றான் தணிகாசலம். சற்று நேரத்தில் அந்த இடம் வெளுத்தது. பிறகு கொப்புளம். காய்ப் பையோடு உள்ளே வந்த தெய்வானைக்கு மூக்கே போதுமானதாக இருந்தது. தம்பியின் சட்டையில் அடிக்கடி வரும் பார்மலின் வாசனை அவள் அறியாததல்ல. பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அப்போதும் லுங்கியை இழுத்து மூடிக்கொண்டேன். மறுநாள் வெளுத்த தோல் முழுக்கத் தகடாக உரிந்து வந்தது. அடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை. தணிகாசலம் பார்த்தான், பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தான். கை நடுங்காதவன்.

சிஸ்டர் ஜெசிந்தா பார்த்ததும் பின்வாங்கி நின்றார்.

"என்ன சார் போட்டீங்க?"

சொன்னேன்.

"பார்மலினா? பிணவறையில வைப்பாங்களே, அதுவா?"

"தண்ணி கலந்துதான் சிஸ்டர்..." என்றான் தணிகாசலம், சுவரோடு ஒட்டி நின்றபடி.

"உயிரோட இருக்கற மனுஷனைப் பதம் பண்ணப் பாத்திருக்கீங்களே! அது செத்த தோல் தம்பி. அதுக்கு வலிக்காது, அது வளர வேண்டியதில்ல. இது உசிருள்ள தோல். பார்மலின் பட்ட இடம் செத்துடுச்சு. செத்ததை உடம்பு உரிச்சுத் தள்ளிடுச்சு. அதுக்கு அடியில இருந்த பிஞ்சுத் தோல் மேல அந்தச் சாறு போய் உக்காந்திருக்கு." பிறகு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஓட்டைய இவ்ளோ பெருசாவா வெட்டுவாங்க? சாறு தோலைத் தொடக்கூடாதுன்னுதான தட்டே ஒட்டறது? அதுவும் துளை வாரா வாரம் சுருங்கும்னு சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் அளந்து வெட்டணும்னு சொன்னேனே."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, அம்மா ஏன் போடல?"

நான் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"நான் அவங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்தேனே சார். அவங்களேதான் வந்து கேட்டாங்க. பொம்மை வயித்துல ஒட்டிக் காட்டச் சொன்னேன். நான் ஒட்டுறதைவிட சுத்தமா ஒட்டுனாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

தெய்வானை ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

டாக்டர் நஸீமா மாலையில் வந்தார். அவர் கோபப்படவில்லை. இந்தத் தோலோடு மூடினால் தையல் பிடிக்காது, சீழ் வைக்கும் என்றார். தோல் ஆறும் வரை எக்ஸ்ரேவுக்குத் தேதி தர மாட்டேன் என்றார். ஆறாவிட்டால் என்ன என்று கேட்டேன். "அப்ப இது தற்காலிகம்னு நான் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கும்" என்றார்.

இவ்வளவு தெளிவான பதிலை எந்த அதிகாரியிடமிருந்தும் நான் வாங்கியதில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கை கழுவி, பழைய துணியை விரித்தாள்.

"படுங்க."

"தணிகாசலம் வரட்டும்."

"அவன் வரமாட்டான். நான் வரக்கூடாதுன்னு சொல்லிட்டன். படுங்க."

படுத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் தட்டைப் பிரிக்கும்போது தோல் இழுபடாமல், ஒரு கையால் தோலை அழுத்தி மறு கையால் தட்டை உருட்டி எடுத்தாள். பிரிந்ததே எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. முகம் சுளிக்கவில்லை, நான் முக்கியமாகக் கவனித்தது அதைத்தான்.

"இத வெச்சிக்கினா இவ்ளோ நாளு நடமாடிக்கினு இருந்தீங்க?"

"நாத்தம் அடிக்குது. உனக்கு எதுக்கு..."

"நாத்தமா? எங்கப்பா தோல் ஷாப்பு சுண்ணாம்புக் குழில நின்னு வேல செஞ்சிட்டு அப்பிடியே வந்து எனக்குச் சோறு ஊட்டுவாரு. நான் அதுல வளந்தவ. எனக்கு நாத்தத்த மறைக்கறாராம், பெரிய மனுசன்."

புண்ணின் மேல் சிஸ்டர் கொடுத்த தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் துளையை அளந்து, அதை வைத்துத் தட்டை வெட்டினாள். விளிம்புக்கு ஒரு பசை வைத்தாள். பழத்தோலிலிருந்து எடுக்கிற பொருள் அதில் இருக்கிறது என்றாள். அதில் புரதம் இல்லை, அதனால் அந்தச் சாறு அதைத் தின்னாது. இதை அவளுக்குச் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இந்தத் தகவல் என் வீட்டில் மூன்று வாரமாக இருந்திருக்கிறது.

ஒட்டிய பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள். சூட்டில்தான் பசை பிடிக்குமாம். கையை எடுக்கும் வரை நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கசியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தணிகாசலம் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா" என்றேன்.

"அக்கா வரக்கூடாதுன்னு சொல்லிக்கீது, மாமா."

"வாடா உள்ள" என்றாள் தெய்வானை. "ஆனா கையப் பின்னால கட்டிக்கினு உக்காரு. எதையும் தொடாத."

அவன் நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் காப்பி கொண்டு வந்து நீட்டியபோது எந்தக் கையால் வாங்குவது என்று விழித்தான். நான் சிரித்தேன். வயிறு குலுங்கியது. தட்டு நின்றது.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண்ணாடியில் பார்த்தேன். வளையத்தின் வெளி ஓரத்தில் புதுத் தோல் மூடிக்கொண்டு வருகிறது; வெளிர் ரோஜா நிறம், மெல்லிசு, வெங்காயச் சருகு போல. தெய்வானை கட்டை விரலை மெதுவாக வைத்து எடுத்தாள். பள்ளம் விழுந்து, மெல்ல எழும்பியது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன். "இன்னா வெளையாட்டா?" என்றாள். ஆனால் அழுத்தினாள்.

மார்ச் 2, திங்கள்

டாக்டர் நஸீமா துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் பை மாற்றுவது என்று கேட்டார். சொன்னேன். எக்ஸ்ரேவுக்குப் பதினொன்றாம் தேதி கொடுத்திருக்கிறார்.

மார்ச் 11, புதன்

சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் எடுப்பவர் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும், அவர் முகத்திலிருந்து செய்தி எடுக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு படத்தை மட்டும் இன்னொரு முறை எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். நீங்கள் அசைந்துவிட்டீர்கள் என்றார்கள். நான் அசையவில்லை.

மார்ச் 12, வியாழன்

காலையில் பை மாற்றும்போது தெய்வானை தன்போக்கில் பேசிக்கொண்டிருந்தாள். அளவுக் காகிதம் இனிமேல் மாறாது, துளை சுருங்குவது நின்றுவிட்டது என்றாள். தணிகாசலம் புதுப் பெல்ட் ஒன்று செய்கிறானாம். கேசின் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பிறகு, "மூடிட்டாங்கன்னா மறுபடியும் பேப்பரத் தூக்கிக்கினு மூலைல போய் உக்காந்துக்குவீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தட்டை ஒட்டி, மேலே உள்ளங்கையைப் பொத்தினாள். அப்போதுதான் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறன். அன்னிக்கு ஆஸ்பத்திரில கண்ண மூடிக்கினீங்களே. குளியல் ரூம்ல தாப்பாப் போட்டுக்கினீங்க. எந்தம்பி கைல வயித்தக் குடுத்து வேகவெச்சிக்கினீங்க. இவ்ளோ பண்ணீங்களே, என்ன ஏன் கூப்டல?"

பசை பிடிக்கிற வரை நேரம் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு, துணியை மடித்து எழுந்து போனாள்.

இன்றைய நிலவரப்படி முடிவு தெரியாதவை இரண்டு. ஒன்று, தையல் கசிகிறதா இல்லையா என்பது; எக்ஸ்ரே அறிக்கையை நாளை பிற்பகல் டாக்டர் நஸீமா சொல்வார். மற்றது தெய்வானைக்கு நான் சொல்ல வேண்டிய பதில். அடுத்த முறை பை மாற்றுவது ஞாயிறு காலை. அதுவரை தள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், நாளைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.